சராசரிக்கும் கீழான மதிப்பெண், 38,000 ரூபாய் கட்டணம்: பாலக்காட்டுச் சேர்க்கை ஆலோசனை மையம் ஒன்றில் பத்து மாதங்கள்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில், கேரளத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ்தான்; அரசு அலுவலகம் என்றால் மலையாளம். என் மகள் பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்து, 2025ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 706 மதிப்பெண் பெற்றாள். நூற்றுக்கு 58.8. தமிழில் ஏ, பொருளாதாரத்தில் பி, வரலாறு, அரசியல் அறிவியல், சமூகவியல் ஆகிய மூன்றிலும் சி பிளஸ், ஆங்கிலத்தில் சி. கேரளத்தில் 90க்கு மேல் எடுப்பவர்களுக்கே ஏ பிளஸ் கிடைக்கும் என்பதும், எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் ஒவ்வொரு மே மாதமும் சந்திக்குச் சந்தி பலகையில் ஏறும் என்பதும் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பலகைகளுக்குக் கீழே நின்று பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

2024 செப்டம்பரில், அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோதே, பாலக்காடு நகரில் உள்ள ஒரு சேர்க்கை ஆலோசனை மையத்தில் 38,000 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்தோம். மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளைச் சொல்லும் அதே இடத்தில் எங்களுக்கு மனமார உதவிய ஒருவரும் வேலை பார்த்தார். பெயரைப் போட்டால் நடவடிக்கை அவர்மீதுதான் பாயும். மேலும், நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு மையத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்று அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் தெரிந்துகொண்டேன்.

மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்த அனைத்தும் அதைச் சுற்றியே நடந்தன. அவள் பிளஸ் ஒன் படித்த ஆண்டு நவம்பரில் என் கணவர் தேங்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். நான் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். காலை ஐந்து மணிக்குச் சங்கத்தைத் திறந்தாக வேண்டும். வீட்டு மாடுகளைக் கறந்து பாலைக் கொண்டுவந்து ஊற்றுவதும், பிறகு அப்பாவுக்கு வேண்டியதைச் செய்வதும் மகளின் பொறுப்பாயின. பிளஸ் ஒன்னில் 600க்கு 331தான் வந்தது. முதலாம் ஆண்டுத் தேர்வில் மூன்று பாடங்கள் வரை இம்ப்ரூவ்மென்ட் எழுதலாம் என்பதை வகுப்பாசிரியை சொல்லித்தான் அறிந்தோம். இரண்டு பாடங்களை மறுபடி எழுதியதில் 19 மதிப்பெண் கூடியது. கட்டணம் வாங்கிய மையம் இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மையத்தில் முதல் நாள் எங்களை வரவேற்ற மேலாளர், மதிப்பெண் சான்றிதழை ஒரு முறை பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "மார்க்கைப் பத்திக் கவலையே படாதீங்க, அதை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அன்றைக்கு அந்தச் சொல் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குச் செய்யக்கூடிய முதல் உதவி அந்தத் தாளை நிமிர்த்தி வைத்துப் படிப்பதுதான். எந்தக் கல்லூரி இந்த மதிப்பெண்ணை முதலில் பார்க்கும், எது கடைசியில் பார்க்கும், எது பார்க்கவே பார்க்காது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் ஆலோசகர் வேண்டும். அந்தப் பிரிப்பை நாங்கள் பின்னர் நாங்களாகவே செய்துகொண்டோம். அதில் கற்றதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதற்காக யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டு வரை டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் எல்லாமாக இருந்தது. அந்த ஆண்டு ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியிலும் இந்து கல்லூரியிலும் சில பாடங்களுக்கு முதல் கட்-ஆஃப் நூற்றுக்கு நூறு என்றே அறிவிக்கப்பட்டது. கேரள வாரியத்தில் முழு மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் பலர் அங்கே இடம் பிடித்ததும் பெரிய விவாதமானது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கியூட் வந்தது. அதற்குப் பிறகு அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பெரும்பாலும் தேர்ச்சிக்கும், இருவர் ஒரே மதிப்பெண் பெற்றால் யாரை முன்னே வைப்பது என்பதற்கும் மட்டுமே பயன்படுகிறது. கேரளத்தின் காசர்கோடு, தமிழ்நாட்டின் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்களும் இந்தத் தேர்வின் வழியாகவே இளநிலை மாணவர்களைச் சேர்க்கின்றன. 58 விழுக்காடு எடுத்த பிள்ளைக்கு இது அடைபட்ட கதவு அல்ல. புதிதாக ஒரு தேர்வை எழுதிக் காட்டினால் போதும்.

இதற்கு நேர்மாறாக, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. வழியாகத் தேசியத் தொழில்நுட்பக் கழகமான என்.ஐ.டி.யில் சேர விரும்பும் பொதுப் பிரிவு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், அல்லது தம் வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் (மேல்நிலை 20 விழுக்காட்டினருள்) வர வேண்டும். நுழைவுத் தேர்வில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த நிபந்தனை விலகாது. இந்த இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் விண்ணப்பக் கட்டணம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மூன்றாவதாக இன்னொரு வகையும் இருக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் தன் நுழைவுத் தேர்வில் பிள்ளை கணக்கை எப்படி யோசிக்கிறது என்று பார்க்கிறது, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எந்தப் பிரிவில் படித்தவரையும் தன் இரண்டு கட்டத் தேர்வுக்கு அனுமதிக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பில் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் ஜே.இ.இ. இல்லாமலே சேரலாம். இவை எளிய இடங்கள் அல்ல. சிலவற்றில் நுழைவது மிகக் கடினம். ஆனால் பிளஸ் ஒன்னில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த விபத்தை இவை நிரந்தரத் தண்டனையாக ஆக்குவதில்லை.

மையம் எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. பதினான்கு கல்லூரிகளின் பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்பதின் விளம்பரப் படங்கள் அதே அறையின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. கேட்டபோது, அந்தக் கல்லூரிகள் தங்களுக்குச் சேவைக் கட்டணம் தருவதாக மேலாளர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். எங்களிடமும் வாங்கி, கல்லூரியிடமும் வாங்கும்போது, பட்டியல் யாருக்காகத் தயாராகிறது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்த ஒன்பது கல்லூரிகளில் எதற்கும் எங்கள் மகளின் மதிப்பெண் தடையே இல்லை. வாசலில் போய் நின்று கட்டணம் கட்டினால் இடம் கிடைக்கும். பக்கத்திலேயே 1947இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரி இருக்க, அவற்றுக்குப் போக ஆலோசனையும் 38,000 ரூபாயும் எதற்கு?

கியூட் விண்ணப்பத்தில் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அந்தத் தேர்வின் வினாத்தாள் தமிழ், மலையாளம் உட்பட 13 மொழிகளில் கிடைக்கும். எந்த மொழியில் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் மையத்தார் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, பணம் மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். நிரப்பியதை அச்செடுத்துக் காட்டச் சொல்லி நான் பிடிவாதமாக உட்கார்ந்தேன். கணக்கு எழுதுகிறவளுக்குக் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட வராது. தாளில் வினாத்தாள் மொழி ஆங்கிலம் என்று இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த, ஆங்கிலத்தில் சி வாங்கிய பிள்ளைக்கு, பொருளாதாரத்தையும் வரலாற்றையும் ஆங்கிலத்தில் படித்து ஒரு மணி நேரத்தில் 50 வினாக்களுக்கு விடை சொல்லும்படி ஏற்பாடாகியிருந்தது. "எல்லாருக்கும் இங்கிலீஷ்தான் போடுவோம், அதுதான் வழக்கம்" என்றார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்ததால் மாற்ற முடிந்தது. எங்களைப் போன்ற எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் பார்க்காமலே பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

தேர்வுப் பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு, விடையளிக்காமல் விட்டால் கழிவு இல்லை என்பது கியூட்டின் கணக்கு. மாதிரித் தேர்வுகளில் அவள் 250க்கு 90ஐத் தாண்டவில்லை. மையம் அதற்குத் தந்த தீர்வு, 12,000 ரூபாய்க்குத் தனியாக ஒரு வகுப்பு. நாங்கள் சேரவில்லை.

இனி, கட்டுரை. பெங்களூரில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வு, தன்னைப் பற்றிய கட்டுரை, நேர்காணல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து மாணவரைத் தேர்ந்தெடுக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் தருகிறது. மகள் பள்ளி நூலகத்தில் ஒரு நாளிதழில் அதைப் பற்றிப் படித்து, தானே மையத்தில் கேட்டுப் பட்டியலில் சேர்த்தாள். விண்ணப்பிப்பவர்களில் மிகச் சிலரையே எடுக்கும் இடம் என்பதால் மேலாளருக்கு அதில் ஆர்வம் இல்லை. ஆனாலும் கட்டணத்தில் அடங்கிய சேவை என்பதால் ஒரு கட்டுரையை எழுதி அனுப்பினார்கள்.

அதை மகள் அகராதி வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் படித்தாள். சிறு வயது முதலே தலைமைப் பண்பு அவளிடம் வெளிப்பட்டதாம். மரக்கன்று நடும் இயக்கம் ஒன்றை அவள் தொடங்கினாளாம். கிராமத்து மகளிரின் நிதி மேம்பாடு அவளுடைய வாழ்நாள் கனவாம். படித்து முடித்துத் தாளை என்னிடம் நீட்டி, "அம்மா, இதுல இருக்கிறது நான் இல்லையே. நேர்ல கேட்டா என்ன சொல்லுவேன்?" என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அதே வாரம் மையத்தின் இன்னொரு பிரிவில் என் நாத்தனார் மகனுக்கும் இதே போன்ற ஒன்று தயாரானது. அவன் விண்ணப்பித்தது அமெரிக்காவுக்கு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1090 என்ற மதிப்பெண்ணுடன் பெரிய பெயர் பெற்ற கல்லூரிகளைக் குறிவைத்திருந்தான். அங்கே பல கல்லூரிகள் 2020 முதல் எஸ்.ஏ.டி.யைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது உண்மை. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஆனால் எம்.ஐ.டி. 2022இலும், ஹார்வர்டு, யேல், டார்ட்மவுத் ஆகியவை 2024இலும் மறுபடி மதிப்பெண் கேட்க முடிவு செய்தன. மையம் "எங்கேயும் எஸ்.ஏ.டி. வேண்டாம்" என்ற பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தது. கட்டாயமில்லாத இடத்தில் குறைந்த மதிப்பெண்ணை அனுப்பாமல் இருப்பதும், கேட்கும் இடத்தில் அதற்கான காரணத்தை, பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றாக அனுப்பும் பொது விண்ணப்பத்தின் (காமன் ஆப்) கூடுதல் தகவல் பகுதியில் நேராக எழுதுவதும் முறையான வழிகள். அந்த விண்ணப்பத்தில் 650 சொற்களுக்கு மிகாத முதன்மைக் கட்டுரையும், அதன் மற்ற பகுதிகளும் தன்னுடையவையே என்று மாணவர் உறுதி கூறித்தான் அனுப்ப வேண்டும். மையத்தாரோ கட்டுரையோடு நிற்காமல், அவனுடைய ஆசிரியர் எழுத வேண்டிய பரிந்துரைக் கடிதத்தையும் தாங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிவரச் சொன்னார்கள். அந்த ஆசிரியர் மறுத்துவிட்டார். அவருக்கு என் வணக்கம்.

எங்கள் கட்டுரையைக் காப்பாற்றியவர் அதே மையத்தில் வேலை பார்த்த ஓர் இளம்பெண். தமிழ் பேசுபவர், எங்களைப் போலவே எல்லை ஊர்க்காரர். மகள் தயங்கித் தயங்கித் தன் சங்கடத்தைச் சொன்னபோது அவர் அந்தக் கட்டுரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "நீ காலையில எழுந்ததிலிருந்து என்ன செய்யறே, அதை மட்டும் தமிழ்ல எழுதிக் கொண்டா கண்ணு" என்றார். மகள் எழுதிக் கொண்டுபோனது ஆறு பக்கம். அதில் பெரும்பகுதி எங்கள் பால் சங்கத்தைப் பற்றியது.

சங்கத்தில் பாலுக்கு விலை லிட்டர் கணக்கில் மட்டும் போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடப்பொருள் எவ்வளவு என்று ஒவ்வொருவர் பாலையும் சோதித்து, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விலைப் பட்டியலில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் அன்றைய விலை. அப்பாவுக்குப் பதிலாகப் பால் கொண்டுவந்த நாட்களில் மகள் வரிசையில் நின்று இதைக் கவனித்திருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருவரும் எங்கள் வீடும் ஒரே அளவு பால் ஊற்றினாலும், பாட்டிக்கு லிட்டருக்கு மூன்று நான்கு ரூபாய் குறைவாக வந்தது. பாட்டி தண்ணீர் கலக்கிறார் என்று வரிசையில் நின்றவர்கள் பேசினார்கள். மகள் இரண்டு மாதம் ஒரு நோட்டில் இரு வீட்டுப் பாலின் அளவுகளையும் எழுதி வந்தாள். வெயில் ஏற ஏற, பசுந்தீவனம் வாங்க முடியாத பாட்டியின் மாட்டுக்கு அளவு இறங்கிக்கொண்டே போனது. கிணற்றில் தண்ணீர் இருந்து தீவனப்புல் வளர்த்த எங்கள் மாட்டுக்கு அவ்வளவாக இறங்கவில்லை. தண்ணீர் இல்லாதவர்களுக்கே விலையும் குறைகிறது என்று அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். நான் பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கணக்கை எழுதுகிறேன். அந்த வரி எனக்குத் தோன்றியதில்லை.

அந்த ஆறு பக்கத்தையே சுருக்கி, மகள் தனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுத, அந்தப் பெண் இலக்கணப் பிழைகளை மட்டும் வட்டமிட்டுக் காட்ட, மகள் தானே திருத்தினாள். நான்கு முறை. ஒரு சொல்லைக்கூட அவர் தன் கையால் மாற்றவில்லை. மதிப்பெண் குறைந்ததற்கான காரணம் கட்டுரையில் மூன்றே வாக்கியங்களில் அடங்கியது. அதற்கு மேல் எழுதினால் படிப்பவர் இரங்குவார்களே தவிர மாணவியைப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது.

நேர்காணல் பயிற்சியும் அவரே அளித்தார். இந்த மையத்தில் பாராட்டத்தக்க சேவை அது ஒன்றுதான். மூன்று முறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். முதல் முறை, "உன் மார்க் ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்டதும் மகள் அழுதுவிட்டாள். இரண்டாம் முறை அப்பா விழுந்த நாளிலிருந்து மருத்துவமனைச் செலவு வரை பத்து நிமிடம் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாம் முறை, "பிளஸ் ஒன்னில் அப்பாவுக்கு விபத்து நடந்தது, வீட்டு வேலை என்னிடம் வந்தது, மதிப்பெண் இறங்கியது. பிறகு இரண்டு பாடங்களை மறுபடி எழுதி உயர்த்தினேன். ஆங்கிலத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல் அந்தப் பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தாராம். இதையே அங்கேயும் சொல் என்று அனுப்பிவைத்தார்.

வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொன்னவரும் அவர்தான். இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். கட்டணச் சலுகைக்கான ஆவணங்களை விண்ணப்பத்துடனேயே அந்தப் பல்கலைக்கழகம் கேட்டிருந்ததை அவர் படிக்கவே இல்லை. எங்கள் ஊர் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) விண்ணப்பித்து, கிராம அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வாங்கினோம். 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா இன்று கேரளம் முழுவதும் இருக்கிறது. எங்கள் மையத்தில் உட்கார்ந்திருப்பவர் தமிழில் கேட்டு மலையாளத்தில் நிரப்பித் தருகிறார். ஆலோசனை மையத்தின் குளிரூட்டிய அறையில் கிடைக்காத பொறுமை அங்கே கிடைத்தது.

நேர்காணலில் மதிப்பெண்ணைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்ததாம். மீதி நேரம் முழுவதும் பால் விலைப் பட்டியலைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். பாட்டிக்கு நியாயமான விலை கிடைக்க நீ என்ன செய்வாய் என்று கேட்டபோது, கொழுப்புக்குத் தரும் விலையைக் குறைக்க முடியாது, ஏனென்றால் அதை எடுத்துவிட்டால் தண்ணீர் கலப்பவருக்குத்தான் லாபம். அதற்குப் பதிலாகக் கோடைக்காலத்தில் சங்கமே தீவனத்தைக் கடனாகக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கடனை யார் திருப்பிக் கட்டுவார்கள் என்று மறுபடி கேட்டதற்கு, யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஆங்கிலத்தில் திணறிய இடங்களில் தமிழில் சொல்ல அனுமதி கேட்டாளாம். கேட்டவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது அவளுடைய நல்ல நேரம்.

முதலில் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். ஜூன் இரண்டாம் வாரம் இடம் கிடைத்தது. கட்டணத்தில் பாதிக்கு மேல் சலுகையும் கிடைத்தது. முதல் ஆண்டில் கூடுதலாக ஆங்கில வகுப்புக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஜூலையில் வந்த கியூட் முடிவில் தமிழ்த்தாள் நன்றாகவும், பொருளாதாரம் சுமாராகவும், பொதுத் திறனறித் தாள் மிக மோசமாகவும் இருந்தன. அந்த வழியை மட்டும் நம்பியிருந்தால் அவள் விரும்பிய பாடம் கிடைத்திருக்காது. ஆகவே தேர்வு மதிப்பெண்ணும் கைகொடுக்காத பிள்ளைகளுக்கு, கட்டுரையும் நேர்காணலும் வைக்கும் கல்லூரிகளில் இரண்டையாவது பட்டியலில் சேர்க்கும்படி அழுத்திச் சொல்வேன். நாத்தனார் மகனுக்கு விண்ணப்பித்த பதினோரு அமெரிக்கக் கல்லூரிகளில் எதிலும் இடம் வரவில்லை. அவன் இந்த ஆண்டு தன் கட்டுரையைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறான்.

கணக்குப் பார்க்கிறவள் என்ற முறையில் 38,000 ரூபாயைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று நேர்காணல் பயிற்சி, கட்டுரைக்காக நான்கு அமர்வு, இரண்டு நேரடி ஆலோசனை. இவற்றுக்கு ஏழாயிரம் ரூபாய் தாராளமாகத் தரலாம். மீதி, படிவம் நிரப்பியதற்கும் எங்களுக்கு வேண்டாத பட்டியலுக்கும் போனது. விண்ணப்பக் கட்டணங்கள் இதில் சேராமல் தனியாக ஆயின. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கையெழுத்திட்ட படிவத்தின் கடைசி வரியைக் காட்டினார்கள். அந்த வரி அங்கே இருந்தது உண்மைதான். ஆகவே, இத்தகைய மையத்துக்குப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். உங்கள் பிள்ளையுடன் உட்காரப்போவது யார் என்று கேட்டு அவரைப் பாருங்கள். கல்லூரிகளிடம் பணம் வாங்குகிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கட்டுரையை எழுதித் தருகிறோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களுக்கு உதவிய பெண் ஜூலையில் அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போது தன் ஊரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். கூட்டம் சேர்ந்து இடம் போதாமல் போனதால் திண்ணையிலும் உட்கார வைக்கிறாராம்.

ஆகஸ்டில் மையத்தின் மேலாளர் தொலைபேசியில் அழைத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டு, தங்கள் வாசல் பலகையில் போடுவதற்கு மகளின் புகைப்படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெயரும் படமும் போடலாம், ஆனால் கீழே பிளஸ் டூ மதிப்பெண் 1200க்கு 706 என்று பெரிய எழுத்தில் போட வேண்டும், பேருந்துக்கு நிற்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அதை அப்படியே மேலாளரிடம் சொன்னேன். அதன் பிறகு அவர் அழைக்கவில்லை.